அனுப்பிய மெயில் திரும்பி வந்தால்...

படிப்பை முடித்து நான் வேலை தேடிக் கொண்டிருந்த நேரம். ஒரு நிறுவனத்துக்கு பயோடேட்டாவை மெயிலில் அனுப்பினேன். சில நிமிடங்களில் 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் ஒரு ஆங்கில மெயில் வந்தது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டேன். பத்து நாள் கழித்து ட்ராஷ் போல்டரில் அதைப் படித்தபோதுதான், முகவரியில் ஒரு எழுத்தை விட்டிருந்தது தெரிந்தது. கடைசித் தேதி முடிந்திருந்தது. உங்களுக்கும் இப்படி நேரக்கூடாது அல்லவா?

சென்ட் பட்டனைக் கிளிக் செய்ததும் மெயில் முதலில் உங்கள் மெயில் சேவையின் சர்வருக்குச் செல்கிறது. முகவரியில் @ குறிக்குப் பின் உள்ள பெயருக்கு எந்த சர்வர் மெயில் வாங்குகிறது என்று அது டிஎன்எஸ்ஸில் தேடுகிறது. பின் அந்த சர்வரைத் தொடர்பு கொண்டு, 'இவருக்கு மெயில் இருக்கிறது' என்கிறது. பதில் 3 இலக்க எண்ணாக வரும். 2-ல் தொடங்கினால் ஏற்றுக்கொண்டது. 4-ல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல். 5-ல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு.

5 என்றால் உடனே உங்கள் சர்வரே திரும்பும் மெயிலை எழுதி உங்களுக்கு அனுப்பும். 4 என்றால் வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயற்சி செய்யும். பொதுவாக 4, 5 நாட்களாவது முயலவேண்டும் என்கிறது 2008-ல் வெளியான எஸ்எம்டிபி விதிமுறை. எனவே தாமதம் என்று மட்டும் தகவல் வந்தால் பொறுத்திருங்கள்.

திரும்பி வந்த மெயிலில் இந்த எண்களைத் தேடுங்கள்:

5.1.1 - அப்படி ஒரு முகவரி இல்லை. எழுத்துக்களைச் சரிபார்க்கவும்.
5.1.2 - @ குறிக்குப் பின் உள்ள பெயர் தவறு.
5.2.2 - பெறுபவரின் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது. அவருக்கு போன் செய்து சொல்லுங்கள்.
5.3.4 - மெயில் மிகப் பெரியது. இணைத்த பைலைச் சிறிதாக்கவும்.

திரும்பும் மெயிலும் போய்ச் சேராவிட்டால்? அதன் அனுப்புநர் முகவரி காலியாகவே விடப்படுகிறது. அதனால் இரு சர்வர்களும் முடிவில்லாமல் மெயிலைத் திருப்பிக் கொண்டிருப்பதில்லை.

நீங்கள் அனுப்பாத மெயில் திரும்பி வந்தால், யாரோ உங்கள் முகவரியைப் போலியாகப் போட்டிருக்கலாம். அதிலுள்ள இணைப்புகளைத் திறக்காதீர்கள். சென்ட் போல்டரில் நீங்கள் எழுதாத மெயில்கள் இருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இன்னொன்று. மெயில் திரும்பி வரவில்லை என்பதால் அவர் படித்துவிட்டார் என்று பொருளல்ல. ஸ்பாம் போல்டரில் கிடக்கலாம். முக்கியமான மெயில் என்றால் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.