குழலின் நீளமும் நாதத்தின் குணமும்

கேமரன் மலையிலுள்ள கியா பார்ம், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. அதன் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா நடந்தால், நாதசுவர ஓசை மலைச்சரிவைத் தாண்டியும் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாமலேயே இவ்வளவு தூரம் ஒலிக்கும் ஆற்றல் நாதசுவரத்திற்கு எப்படி வந்தது?

அதன் அமைப்பே காரணம். நாணல் தட்டையால் செய்யப்பட்ட சீவாளி, வாசிப்பவரின் மூச்சால் அதிர்கிறது. அந்த அதிர்வு, 'கெண்டை' என்னும் சிறு உலோகக் குழாய் வழியாக, 'உலவு' எனப்படும் மரக்குழலுக்குள் செல்கிறது. உலவின் உட்துளை மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருப்பதால் ஒலி கணீரென்று வெளிப்படுகிறது. உலவு பெரும்பாலும் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது.

குழலின் நீளம் சுருதியை முடிவு செய்கிறது. குட்டையான 'திமிரி' நாதசுவரத்தில் காற்றுத்தம்பம் சிறியது. எனவே, சுருதி உயர்ந்து ஒலி கூர்மையாகக் கேட்கும். திறந்தவெளி ஊர்வலத்திற்கு அது பொருத்தமானது. ஆனால், அதில் சுத்த மத்தியமம் என்னும் சுரத்தைத் துல்லியமாக வாசிப்பது கடினமாக இருந்தது. நாதசுவர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) இக்குறையைப் போக்க விரும்பினார். தமிழ்நாட்டின் நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி, குழலை நீளமாக்கித் துளைகளின் இடத்தையும் மாற்றிப் 'பாரி' நாதசுவரத்தை உருவாக்கினார். பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டைச் சுருதியில் ஒலிக்கும் பாரியின் நாதம் கனமும் குழைவும் கொண்டது. கச்சேரி மேடைக்கு அது ஏற்றதாயிற்று. நரசிங்கம்பேட்டை நாதசுவரம் 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

கருவி மட்டுமன்று, காற்றின் வெப்பநிலையும் சுருதியைப் பாதிக்கும். ஒலி 30 பாகை செல்சியஸில் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். 15 பாகை செல்சியஸில் 340 மீட்டர்தான் செல்லும். ஆகவே, சமவெளியில் சுருதிப்பெட்டியோடு சரியாக இணைந்த அதே நாதசுவரம், கியா பார்மின் குளிர்ந்த காலையில் சற்றே இறங்கி ஒலிக்கும். அனுபவமுள்ள கலைஞர் முதலில் சிறிது நேரம் ஊதிக் குழலைச் சூடாக்குவார். பிறகு, கெண்டையைச் சற்று உள்ளே அழுத்திக் காற்றுத்தம்பத்தின் நீளத்தைக் குறைத்துச் சுருதியைச் சரிசெய்வார்.

ஆசாரியின் கைத்திறன் கருவிக்குக் குரலைக் கொடுக்கிறது. கலைஞரின் செவி அக்குரலைக் காக்கிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நாதம் பிசகிவிடும். அடுத்த திருவிழாவில் நாதசுவரத்தின் முதல் ஒலி எழும்போது, இவ்விரண்டையும் எண்ணிக்கொண்டு கேளுங்கள்.