கையெழுத்துப் போடுமுன்

வேதபாடப் பகுதி: நீதிமொழிகள் 6:1-5, 17:17,18, 22:26,27, ஆதியாகமம் 42:37, 43:8,9, பிலேமோன் 18,19



நீதிமொழிகள் பரலோக காரியங்களை மட்டும் பேசுகிற புத்தகமல்ல. கள்ளத்தராசு, அயலான் வீட்டு வாசல், சோம்பேறியின் வயல் என்று நாம் அன்றாடம் நடமாடும் இடங்களுக்கே அது நம்மை அழைத்துச் செல்கிறது. அது திரும்பத் திரும்ப எச்சரிக்கும் காரியங்களில் ஒன்று, பிறருடைய கடனுக்குப் பிணை நிற்பது. 6, 11, 17, 20, 22, 27 ஆகிய ஆறு அதிகாரங்களில் இந்தப் பேச்சு வருகிறது.

மருத்துவமனை ஊழியத்தில் இருக்கும் எங்களுக்கு இது பழங்காலத்துக் காரியமாகத் தோன்றவில்லை. திடீரென்று ஆபரேஷன் என்றால், கையில் காசில்லாத குடும்பம் முதலில் தேடுவது கடன் கொடுப்பவரை. அடுத்துத் தேடுவது ஜாமீன் கையெழுத்துப் போடுபவரை. அவர் பெரும்பாலும் சொந்தக்காரராக, சபையில் நல்ல பெயருள்ளவராக, மாதச் சம்பளக்காரராக இருப்பார். நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போன பின்பும் கையெழுத்துப் போட்டவர் தூக்கமில்லாமல் தவிப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

1. வேதத்தின் எச்சரிப்பு

நீதிமொழிகள் 17-ஆம் அதிகாரத்தில் 17, 18-ஆம் வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். முதல் வசனம் எக்காலத்திலும் மாறாத நட்பை மெச்சுகிறது. அடுத்த வசனமே, யோசனையின்றிப் பிணைப்படுகிறவனைப் புத்தியில்லாதவன் என்கிறது. இவை அருகருகே இருப்பதைக் கவனியுங்கள். சிநேகிதனை நேசிப்பது வேறு, அவன் நீட்டும் தாளில் கையெழுத்திடுவது வேறு.

22-ஆம் அதிகாரம், கொடுக்க வகையற்ற பிணையாளியின் படுக்கையே பறிபோகும் என்று எச்சரிக்கிறது. நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60-ஆம் பிரிவில், நீதிமன்ற ஜப்தியின்போது கடனாளியின் அவசியமான உடை, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றைத் தொடக்கூடாது என்கிறது. ஆனால் அந்தப் படுக்கையில் நிம்மதியாய்த் தூங்க எந்தச் சட்டமும் வழி செய்யாது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவையும் அறிந்திருப்பது நல்லது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாய்ச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பும் பிணையாளிக்கு உண்டு. "முதலில் அவரிடம் வசூலியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று பொதுவாக வாதாட முடியாது.

2. ஏன் சம்மதிக்கிறோம்?

புத்திசாலிகளும் இதில் அகப்படுகிறார்கள். மனித சுபாவமே காரணம்.

முதலாவது, தாட்சண்யம். முகத்தை முறிக்க மனம் வருவதில்லை. "தாட்சண்யம் தன நாசம்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இரண்டாவது, பெருமை. நம் கையெழுத்துக்கு மதிப்பிருக்கிறது என்பது காதுக்கு இனிமையாயிருக்கிறது. மூன்றாவது, "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்ற எண்ணம். பணம் இன்று நம் கையைவிட்டுப் போவதில்லை. ஆகையால் ஒன்றும் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நூறு ரூபாய் காணிக்கை போட யோசிக்கிறவர்கூட லட்ச ரூபாய்ப் பத்திரத்தில் யோசியாமல் கையெழுத்திடுவதன் இரகசியம் இதுதான்.

3. யூதாவும் பவுலும் பிணை நிற்கவில்லையா?

நியாயமான கேள்வி. இதற்கு விடை காண மூன்று பேரைப் பார்ப்போம்.

பென்யமீனை எகிப்துக்கு அழைத்துச் செல்ல ரூபன் ஒரு உத்தரவாதம் கொடுத்தான். தம்பியைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் தன் இரு குமாரரையும் கொன்றுவிடலாம் என்றான். பிள்ளைகளின் உயிரைத் தகப்பன் பணயம் வைத்தான்! யாக்கோபு இதை ஏற்கவில்லை. பேரப்பிள்ளைகளையும் இழந்து அந்தக் கிழவருக்கு என்ன ஆறுதல்?

யூதா அப்படிச் சொல்லவில்லை. தானே பிணை, தன்னிடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றான். சொன்ன நாள் வந்தது. பென்யமீனின் சாக்கில் வெள்ளிப்பாத்திரம் அகப்பட்டபோது யூதா ஒதுங்கவில்லை. தம்பிக்குப் பதிலாக அடிமையாயிருக்க முன்வந்தான் (ஆதியாகமம் 44:33). யோசேப்பை விற்றுவிட யோசனை சொன்னவனும் இதே யூதாதான் என்பதை மறவாதிருப்போம்.

பவுல் சிறையிலிருந்து ஒநேசிமுக்காகப் பிலேமோனுக்கு எழுதினார். ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் வைக்கும்படி கேட்டு, தானே செலுத்துவதாகத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார்.

ஆக, வேதம் பிணையை முற்றிலும் தள்ளிவிடவில்லை. தான் கொடுக்க நேராது என்று நினைத்துக் கையெழுத்திடுகிறவன் பேதை. தானே கொடுக்கவேண்டிவரும் என்று கணக்குப் பார்த்து, அதற்கு மனதார ஆயத்தமாகிக் கையெழுத்திடுகிறவன் விவேகி. கோபுரம் கட்டுமுன் செல்லுஞ்செலவைக் கணக்கிடும் உவமையை (லூக்கா 14:28-30) இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம்.

4. நடைமுறைக்கு

அ) இந்த முழுத் தொகையையும் நன்கொடையாக இழந்தாலும் நம் வீடு நிற்குமா? அவர்மேல் கசப்பு வராதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் மட்டும் கையெழுத்திடலாம். இல்லையென்றால், முடிந்த சிறு தொகையை இனாமாகக் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கு அன்போடு மறுத்துவிடலாம்.

ஆ) கணவன் மனைவிக்குத் தெரியாமல் பிணை வேண்டாம். பாரம் பிள்ளைகள்மேலும் விழுமானால், ரூபனின் பேச்சுக்கும் நம் பேச்சுக்கும் வித்தியாசமில்லை. கூட்டுப் பொறுப்பில் கடன் வாங்கும் மகளிர் குழுக்களில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட நேரிடும், அதுவும் பிணைதான்.

இ) தொகை, வட்டி, தவணை எழுதப்படாத வெற்றுத்தாளிலோ, வெற்றுக் காசோலையிலோ, புரோநோட்டிலோ ஒருபோதும் கையெழுத்திடவேண்டாம்.

ஈ) கடனுக்கு அலையுமுன் வேறு வழியுண்டா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையிலிருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனை எது, இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று முதலில் கேளுங்கள்.

உ) ஏற்கெனவே அகப்பட்டிருந்தால், நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தின் ஆலோசனை இதுதான்: தூங்கப்போகுமுன் புறப்படு, உன்னைத் தாழ்த்திக் கேள், வேடன் கைக்குத் தப்பும் மானைப்போல் தப்பித்துக்கொள். இன்று கேட்பதிலுள்ள வெட்கம், நாளை வரும் நஷ்டத்திலும் சிறியது. கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று நெருக்கினால், அவற்றைத் தடைசெய்யும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. பயந்து ஒளியாமல் காவல் நிலையத்துக்கோ வழக்கறிஞரிடமோ செல்லுங்கள்.

முடிவாக

எபிரெயர் 7:22 இயேசுவை மேலான உடன்படிக்கையின் பிணையாளி என்கிறது. முழு விலையும் இன்னதென்று அறிந்தே அவர் நமக்காக நின்றார். கணக்குப் பார்ப்பது அன்புக்குக் குறைவு என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

அன்பான ஆதரவாளர்களே, நீங்கள் ஏழை நோயாளிகளுக்கென்று அனுப்பும் சிறு தொகையும் ஒரு குடும்பம் பிணையாளியைத் தேடி அலைவதைக் குறைக்கிறது. கொடுத்து முடிந்த ஈவு யாரையும் கண்ணியில் சிக்கவைப்பதில்லை.

சிந்தனைக்கு

1. கடைசியாக நாம் தாட்சண்யத்தால் சம்மதித்த காரியம் எது?
2. ரூபனின் உத்தரவாதத்துக்கும் யூதாவின் உத்தரவாதத்துக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவோம்?
3. அவசர மருத்துவச் செலவில் தவிக்கும் அங்கத்தினருக்கு, யாரும் பிணை நிற்காமலே நம் சபை எவ்விதம் உதவலாம்?