விடுபட்ட பதினான்கு பேர்

95–95–95. பரீட்சைப் புள்ளிகள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்த ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு 2025ஆம் ஆண்டுக்கென வகுத்த இலக்குகள் இவை.

தொற்றுள்ளோரில் 95 வீதமானோர் தம் நிலையை அறிந்திருக்க வேண்டும். அறிந்தோரில் 95 வீதமானோர் மருந்து பெறவேண்டும். மருந்து பெறுவோரில் 95 வீதமானோரின் குருதியில் வைரசின் அளவு அடங்கியிருக்க வேண்டும்.

பெருக்கிப் பார்த்தேன். 100 பேரில் 95, பின் ஏறத்தாழ 90, முடிவில் 86. மூன்று இலக்குகளும் நிறைவேறினாலும் 14 பேர் விடுபடுகிறார்கள். எந்தப் படியில் விடுபடுகிறார்கள் என்று காட்டுவதே தரவின் பயன்.

இப்படிப் பின்தொடர்வதன் பலனுக்கு நம் நாடே சான்று. கர்ப்பிணித் தாய்மாருக்குக் குருதிப் பரிசோதனை செய்து, தொற்றுள்ளோருக்குச் சிகிச்சையும் அளித்ததால், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துள்ளதென 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

ஆனால் பரிசோதனைக்கே வராதவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் பலரை வாசலிலேயே திருப்பிவிடுகிறது. நோயாளியை நலம் விசாரிக்கச் சொன்ன நம் மார்க்கம், புறம் பேசுவதைத் தடுத்திருக்கிறது. நாம் நாவைக் காத்துக்கொண்டால், முதற்படியிலேயே விடுபடுவோர் குறைவார்கள்.