முத்துத்துறையில் உடல்மொழி

நுழையும்முன்

வாய்திறந்து பேச இயலாத இடங்களிலும் மனிதர் பேசிக்கொள்கின்றனர். கண்ணும் கையும் நிற்கும் நிலையும் அங்கே சொற்களாகின்றன. தூத்துக்குடிக் கடற்கரையின் பழந்தொழிலான முத்துக்குளித்தலில் அம்மொழியை நம்பியே உயிர் இருந்தது.

கயிற்றின் வழியே ஒரு சொல்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்குள் அமைந்த தோலாயிரம் பார் அவற்றுள் ஒன்று. 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு. குளிப்பவர், கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் பதித்து, மூச்சை அடக்கி இறங்குவார். கல்லின் எடை அவரை விரைவாகக் கடலடிக்குக் கொண்டுசெல்லும். அவர் அதை விட்டதும் தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் சேர்க்க அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடமே. மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை ஓர் உலுக்கு உலுக்குவார். மேலிருப்பவர் கணமும் தாமதியாமல் அவரை இழுத்தாக வேண்டும்.

அம்மொழியில் இருந்தது ‘இழு’ என்னும் ஒரே சொல்தான். ஆயினும் அதைக் கேட்பது எளிதன்று. அலையும் நீரோட்டமும்கூடக் கயிற்றை அசைக்கும். அவ்வசைவையும் மனிதக் கையின் அசைவையும் உள்ளங்கையால் பிரித்தறிய வேண்டும். குளிப்பவர் வழக்கமாக எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அந்நேரம் கடந்தும் உலுக்கல் வராவிட்டால் அந்த மௌனமே ஆபத்தின் செய்தி. கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பைக் குளிப்பவரின் மைத்துனரிடம் ஒப்படைப்பது வழக்கம் என இப்பகுதியில் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் வாழ்வு தம் கையில் இருப்பதை அவர் மறக்கமாட்டார் அல்லவா?

துணிக்குள் பேசிய விரல்கள்

கரைக்கு வந்த முத்து வணிகர் கைக்குச் சென்றதும் வேறொரு மொழி தொடங்கியது. விற்பவரும் வாங்குபவரும் கைகளைத் துணியால் மூடிக்கொண்டு விரல்தொட்டு விலைபேசும் முறை முத்து, மணி வணிகத்தில் பரவலாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு மணி வணிகர் தவேர்னியே, வைரச் சந்தையில் தாம் கண்ட கணக்கை எழுதிவைத்துள்ளார். முழுக்கையையும் பற்றினால் ஆயிரம். ஐந்து விரல்களைப் பற்றினால் ஐந்நூறு. ஒரு விரலுக்கு நூறு. நடுக்கணுவரை பிடித்தால் ஐம்பது. நுனிக்கணு மட்டும் என்றால் பத்து. பலர் சூழ்ந்திருக்கும் இடத்திலேயே ஒரு பொருள் பலமுறை கைமாறியும் எவருக்கும் விலை தெரியாதாம். தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலைபேசுவோர் இம்மரபின் உறவினரே.

துணி விரலை மறைக்கும்; முகத்தை மறைக்காது. விருப்பமான பொருளைக் காணும்போது கண்ணின் கருமணி விரிவதை எக்கார்டு ஹெஸ் என்னும் உளவியலாளர் 1960களில் ஆராய்ந்து விளக்கினார். முகத்தை இறுக்கிக்கொள்ளப் பழகலாம். கருமணியை அடக்கப் பழகுவது அரிது. ஆக, உடல்மொழி இருவகைப்படும். கயிற்று உலுக்கலும் விரல்கணக்கும் உடன்பாட்டால் அமைந்தவை. கருமணியின் விரிவு நம்மைக் கேளாமலே வெளிப்படுவது. இவ்விரண்டாம் வகையைத் தமிழர் முன்பே எண்ணிப் பார்த்துள்ளனர். நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பில் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. அரசவைக்கும் காதலுக்கும் ஒரே திறன் வேண்டும் என்று கருதியது வியப்புக்குரியது.

பாரந்தூக்கியின் கீழே

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தில் இரைச்சல் மிகுதி. பாரந்தூக்கியை இயக்குபவருக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாத நிலையும் உண்டு. அங்கே சைகையாளரின் கையே அவருக்குக் கண். சுட்டுவிரலை மேல்நோக்கி வைத்துச் சுழற்றினால் ‘உயர்த்து’. கீழ்நோக்கிச் சுழற்றினால் ‘இறக்கு’. குழப்பம் நேராதிருக்க ஒருவர் மட்டுமே சைகை தர வேண்டும் என்பது பொதுவிதி. ‘நிறுத்து’ என்னும் சைகைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை யார் காட்டினாலும் பாரந்தூக்கி நின்றாக வேண்டும்.

பிழையாகப் படித்தல்

செய்தித் தொடர்பில் 93 விழுக்காடு உடலும் குரலும்தாம், சொல்லுக்கு 7 விழுக்காடே என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். 1967இல் ஆல்பர்ட் மெகரேபியன் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்த கணக்கு இது. அவர் ஆராய்ந்தது விருப்பு, வெறுப்பு போன்ற உணர்வுகள் வெளிப்படும் முறையை மட்டுமே. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்துமாயின், மொழி தெரியாத நாட்டின் வகுப்பில் அமர்ந்தும் கணக்குப்பாடம் கற்றுவிடலாமே!

கைகளைக் கட்டிக்கொள்வது எதிர்ப்பின் அடையாளம் என மேலைநாட்டுக் கையேடுகள் கூறும். நம் ஊரில் பெரியோர்முன் கைகட்டி நிற்பது பணிவு. நாம் தலையை இருபுறமும் மெல்ல ஆட்டி ‘சரி’ என்பதை, அயல்நாட்டு மாலுமி ‘இல்லை’ என்று கொள்ளக்கூடும். ஆகவே, ஓர் அசைவை மட்டும் தனியே பிரித்துப் பொருள்கொள்வது தவறு. இடம், உறவு, அவரது இயல்பான பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே அதைக் காண வேண்டும்.

மூச்சுக்கருவி அணிந்து மூழ்கும் இன்றைய குளிப்பாளர்களின் சைகைகளும் இத்தகையனவே. தரையில் பெருவிரலை உயர்த்தினால் ‘நன்று’ என்று பொருள். கடலடியில் அதே சைகைக்கு ‘மேலே செல்வோம்’ என்பதே பொருள். ‘நலமாக இருக்கிறேன்’ என்று தெரிவிக்க அங்கே பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.