பேசுவதற்கு ஆகும் செலவு: ஒரு கணக்குப் பாடம்

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்குள் நின்று ஊருக்குப் பேசிய நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வாய் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாலும் கண் ஓடும் மீட்டர் மேல்தான் இருக்கும். கால்வாசிக் கட்டண நேரத்துக்காக இரவில் வரிசையில் நின்றவர்கள் நாம். இன்று மீட்டர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மும்பையில் என் அண்ணன் மகன் ஆயத்த ஆடை மொத்த வியாபாரம் செய்கிறான். கடையில் ஐந்து பேர், திருப்பூரில் சரக்கு வாங்க மூன்று பேர். வீடியோ கூட்டத்துக்கு ஒரு மென்பொருள் வாங்கப் போவதாகச் சொன்னான். "ஆளுக்கு மாதம் 1,200 ரூபாய்தான் சித்தப்பா" என்றான். கணக்கு எழுதியே காலம் தள்ளிய நானும் தலையாட்டினேன். எட்டுப் பேருக்கும் ஓர் ஆண்டுக்கு வாங்கிவிட்டோம். ஆண்டு முடிவில் பார்த்தால், கூட்டத்தைக் கூட்டியவர்கள் இருவர் மட்டுமே. மற்ற ஆறு பேரும் அழைப்பு வந்தபோது சேர்ந்துகொண்டவர்கள். அதற்குக் கட்டணமே தேவையில்லை!

கணக்கைப் பாருங்கள்.

எட்டுப் பேர்: 8 x 1,200 x 12 = ரூ. 1,15,200. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ரூ. 20,736. மொத்தம் ரூ. 1,35,936.

இரண்டு பேர்: 2 x 1,200 x 12 = ரூ. 28,800. ஜி.எஸ்.டி. ரூ. 5,184. மொத்தம் ரூ. 33,984.

வித்தியாசம் ரூ. 1,01,952. தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. இந்தத் தவறை நீங்கள் செய்யாதிருக்க, வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைக் கீழே தருகிறேன்.

1. கூட்டுபவர் எத்தனை பேர்?

வீடியோ கூட்டத்துக்குப் பெரும்பாலும் கூட்டுபவருக்கே உரிமம் தேவை, கலந்துகொள்பவருக்கு அல்ல. ஓர் உரிமத்தில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கூட்டம்தான் நடத்த முடியும். ஆகவே ஒரே நேரத்தில் எத்தனை கூட்டம் நடக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

2. இலவசம் போதாதா?

ஜூம் இலவசத் திட்டத்தில் 40 நிமிடம், 100 பேர் வரை கூடலாம். கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேற்பட்டவரோ உள்ள கூட்டத்தை 60 நிமிடம் நடத்தலாம். உங்கள் காலைக் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தால் பணம் எதற்கு? இரண்டு வாரம் கூட்டங்களின் நேரத்தை நோட்டில் குறித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. தொலைபேசிக்கு மென்பொருள் தேவைதானா?

தொழில் தொலைபேசி மென்பொருள், ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளைப் பலருக்குப் பிரித்துத் தரும். யார் எப்போது பேசினார் என்று பதிவும் வைக்கும். இங்கே கணக்கு வேறு. எடுத்துப் பேசும் ஒவ்வொருவருக்கும் கட்டணம் உண்டு. எண்ணுக்கு வாடகையும், நிமிடக் கட்டணமும் தனியாக இருக்கலாம். "அளவில்லா அழைப்பு" என்று போட்டிருந்தால், எந்த நாட்டு எண்களுக்கு என்று கேளுங்கள். செயலியிலிருந்து செயலிக்குப் பேசுவது வேறு, சாதாரண எண்ணுக்குப் பேசுவது வேறு. பின்னதற்கு உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்தின் தொடர்பு வேண்டும். மூன்று பேர் உள்ள கடைக்குக் கைபேசியின் மாதத் திட்டமே போதும். தினமும் பல அழைப்புகள் எடுக்கப்படாமல் போய் ஆர்டர் கைநழுவுகிறது என்றால், அப்போது இந்தச் செலவு நியாயமானதே.

4. பட்டியலில் இல்லாத செலவு எவ்வளவு?

முதலில் வரி. முறையான ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், பில்லில் தங்கள் பதிவு எண் இருந்தால் அந்த 18 சதவீதத்தை வரி வரவாகப் பெறலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் பதிவில்லாதவர்களுக்கும் அது முழுச் செலவு. விலை டாலரில் இருந்தால், கார்டு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேருங்கள்.

அடுத்தது இணையம். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பேசினால் 450 மெகாபைட் செலவாகும். 2 மெகாபிட் என்றால் 900. கடையில் ஐந்து பேரும் ஆளுக்கொரு கைபேசியில் சேர்வதைவிட, ஒரே திரை முன் உட்கார்ந்தால் ஐந்தில் ஒரு பங்கே ஆகும்.

5. வெளியேற வழி உண்டா?

ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது. எவ்வளவு பெரிய பெயரானாலும் நிரந்தரமில்லை. எண் யார் பெயரில் இருக்கிறது, பதிவுகளை நாம் எடுத்துக்கொள்ள முடியுமா, இடையில் ஆட்களைக் குறைக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுச் சந்தாவில் விலை குறைவுதான், ஆனால் நடுவில் குறைப்பது கடினம். முதல் மூன்று மாதம் மாதச் சந்தாவாகக் கட்டுவதே நல்லது. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பாவது அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

பயிற்சி: ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் ஆறு பேர். கூட்டத்தைக் கூட்டுபவர் ஒருவரே. உரிமம் மாதம் ரூ. 900. வரியுடன் ஆண்டுச் செலவு என்ன? ஆறு பேருக்கும் வாங்கினால் என்ன?

விடை: ரூ. 12,744, ரூ. 76,464.

என் அண்ணன் மகன் இந்த ஆண்டு இரண்டே உரிமம் வாங்கியிருக்கிறான். எட்டுப் பேரும் வழக்கம்போலவே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.