முதலில் நிலத்தைப் பார், பிறகு வீட்டை வரை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பொறியாளர் வாரியத்தின் தொழில் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. காஜாங் கடைவரிசையில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டாய். மனதார வாழ்த்துகிறேன். அந்தப் பலகையைப் பார்த்துப் படியேறி வரப்போகிறவர்களில் பலரும் ஒரே ஆசையோடுதான் வருவார்கள். செமினியிலோ பெராணாங்கிலோ உலு லங்காட் மலையடிவாரத்திலோ ஒரு துண்டு நிலம் வாங்கியிருப்பார்கள், அல்லது வாங்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். கைப்பேசியில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டி, "இது மாதிரி கட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாதே. தண்ணீர் எங்கிருந்து வரும், கரண்ட் எந்தக் கம்பத்திலிருந்து வரும், கழிவு எங்கே போகும், லாரி எந்த வழியாக உள்ளே நுழையும் என்ற நான்குக்கும் விடை தெரிந்த பிறகுதான் வீட்டுக்குக் கோடு போட வேண்டும். நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

உன்னிடம் வரும் குடும்பங்கள் எங்கிருந்து வருகின்றன என்று நினைத்துப் பார். காஜாங் ரப்பரில் வளர்ந்த ஊர். 1890களிலேயே கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்கே இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள். அப்படிப்பட்ட தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டன் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீரும் விளக்கும் நிர்வாகம் கொடுத்தால்தான் உண்டு. தோட்டத்து வீடுகளுக்கு எவையெவை கட்டாயம் வேண்டும் என்பதைச் சொல்லும் 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. அதற்குள் பல தோட்டங்கள் துண்டு துண்டாகி வீடமைப்புப் பகுதிகளாக மாறத் தொடங்கியிருந்தன. அந்த லயங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது சேமநிதிப் பணத்தோடும் விற்ற நகையோடும் சொந்த மண் தேடுகிறார்கள். அந்தப் பணத்தை இன்னொரு முறை அவர்களால் சேர்க்க முடியாது. உன் தொழிலின் கனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அந்த நான்குக்கும் முன்பாக, கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, வாங்கிப் படி. புகைப்பட நகல் போதாது. நில அலுவலகத்தில் புதிதாக எடுத்த தேடல் சான்று வேண்டும். விவசாய நிலமா, கட்டட நிலமா? மலாய் ரிசர்வ் என்ற குறிப்பு இருக்கிறதா? இருந்தால் நம்மவர் பெயருக்கு அது மாறாது. பேச்சை அங்கேயே நிறுத்திவிடு. உரிமையாளர் ஒருவரா, பத்துப் பேரா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நம் மக்கள் அதிகம் அடிபடுகிறார்கள். தேசிய நிலச் சட்டத்தின் 136ஆம் பிரிவு விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் கீழே பிரிக்க விடாது. ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள். அப்படியிருக்க 'பங்களா லாட்' என்று 5,000 சதுர அடி, 6,000 சதுர அடியாக விற்கப்படும் விவசாய நிலத்தில் பெரும்பாலும் தனிக் கிராண்ட் கிடையாது. ஒரே கிராண்டில் பல பெயர்கள் பங்காளிகளாக ஏறியிருக்கும். நில வகையை மாற்ற மனுப் போட வேண்டுமென்றால் எல்லாருடைய கையெழுத்தும் தேவைப்படும். ஒருவர் இறந்திருப்பார், ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், ஒருவர் பேசவே மாட்டார். முள்கம்பி வேலி போட்டு எல்லை காட்டியிருக்கிறார்களே என்று குடும்பம் சொல்லும். வேலியைப் பார்த்து எந்த அலுவலகமும் அனுமதி கொடுக்காது என்பதை அன்போடு, ஆனால் தெளிவாகச் சொல்.

அடுத்தது வழி. மண்பாதை ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அது சாலை ஆகிவிடாது. நில அளவைத் துறையின் வரைபடத்தில் அந்தப் பாதை சாலை ஒதுக்கீடாக இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நீ நடப்பது அடுத்தவர் நிலத்தில். அந்த அடுத்தவர் நாளை விற்றுவிட்டால் புதியவர் வாசலில் சங்கிலி கட்டலாம். வழியுரிமையைக் கிராண்டிலேயே பதிந்துகொள்ளவும், நில நிர்வாகி மூலம் வழி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டும் வீடு கட்டும் முன் முடிக்க வேண்டிய காரியங்கள். மற்ற மூன்றுக்கும் முன்னால் வழியை நான் வைப்பதற்குக் காரணம் உண்டு. குழாய் போவதும் கம்பம் நிற்பதும் வடிகால் ஓடுவதும் அந்த ஒதுக்கீட்டில்தான். வழி இல்லாத நிலத்துக்கு மற்ற எதுவும் நேர்வழியில் வராது.

கரண்டுக்கு வருவோம். கிராமப் பாதையில் மின்சார நிறுவனமான டிஎன்பியின் கடைசிக் கம்பத்தைக் கண்டுபிடித்து அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள். அங்கிருந்து வீடு வரப்போகும் இடம் வரை நாடா பிடித்து அள. நிலத்தை விற்பவர் "பக்கத்திலேயே கரண்ட் இருக்கிறது" என்பார். அந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு புதுக் கம்பத்துக்கும் இழுக்கும் கம்பிக்கும் உரிய இணைப்புக் கட்டணத்தில் வீட்டுக்காரர் பங்கு உண்டு. கம்பி இன்னொருவர் நிலத்துக்கு மேலே போக வேண்டுமென்றால் 'இசின் லாலு' வேண்டும், அதாவது நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம். பணம் கட்டியும் வேலை மாதக்கணக்கில் நின்று போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கம்பி போகும் பாதையில் ஒரு டுரியான் மரம் நின்றாலே போதும். கிளையை வெட்டச் சம்மதம் கேட்டுக் கடிதம் அனுப்பாதே. நேரில் போ, கம்போங் தலைவரையும் கூட்டிக்கொண்டு போ. மரத்துக்குச் சொந்தக்காரரான பக்சிக்கின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் தரும் காப்பியைக் குடித்துவிட்டுப் பேச்சை எடு. வரப்போகிற குடும்பத்தையும் அழைத்துப் போ. அக்கம்பக்கமாக வாழப்போகிறவர்கள் அவர்கள்தானே.

இன்னொரு சோதனையும் செய். மாலை எல்லார் வீட்டிலும் விளக்கும் ஏர்கோனும் ஓடும் நேரத்தில், பாதையின் கடைசி வீட்டில் அனுமதி கேட்டு வோல்ட் மீட்டரை வைத்துப் பார். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம். 253க்கும் 216க்கும் நடுவே இருக்க வேண்டும். அந்தக் கடைசி வீட்டிலேயே முள் 216ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், அதற்கும் அப்பால் வரப்போகும் உன் வீட்டில் பம்பு முக்கும், ஏர்கோன் நிற்கும். வெறும் கம்பம் நட்டுத் தீர்கிற பிரச்சினை அல்ல அது. லைனையே வலுப்படுத்த வேண்டியிருக்கும். மனுப் போடும்போதே பதிவுபெற்ற மின் குத்தகையாளரிடம் இதைச் சொல்லிவிடு.

தண்ணீரின் கதை இன்னும் விசித்திரமானது. பகாங்கின் செமந்தான் ஆற்று நீர் தித்திவங்சா மலையைக் குடைந்த 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாக நம் உலு லங்காட்டுக்கு வருகிறது. லங்காட் 2 சுத்திகரிப்பு நிலையம் முதல் கட்டத்தில் நாளொன்றுக்கு 113 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வகையில் கட்டப்பட்டது. மலையைத் தாண்டி இவ்வளவு தூரம் வரும் தண்ணீர், பெரிய குழாயிலிருந்து உன் வாடிக்கையாளரின் வேலி வரையுள்ள கடைசிச் சில நூறு மீட்டரில் நின்றுவிடும். அந்தத் தூரத்துக்கான செலவை யார் ஏற்பது, எந்த அளவுக் குழாய், அனுமதி என்ன என்பதைத் தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரிடம் எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தையை நம்பி அடித்தளம் தோண்டாதே.

அழுத்தத்தையும் அள. குழாயில் திருகும் சின்ன அளவுகோல் ஒன்று இரும்புக் கடையில் கிடைக்கும். காலையில் எல்லாரும் குளிக்கும் நேரத்தில் கடைசி வீட்டுக் குழாயில் மாட்டிப் பார். 10 மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் போய்விடும். காட்சி அழகாக இருக்கிறது என்று மேட்டு உச்சியில் வீடு கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டு. கீழே ஒரு தொட்டியும் பம்பும் வைக்க வேண்டியிருந்தால் அதுவும் வீட்டுச் செலவுதான்.

குழாய் வரவே வராத இடத்தில் ஆழ்கிணறு பற்றிப் பேச்சு வரும். சிலாங்கூரில் நிலத்தடி நீர் எடுப்பது மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாசின் கட்டுப்பாட்டில் உள்ளது; துளையிடும் முன் அவர்களைக் கேள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் இரும்புச் சத்து அதிகம். இறைத்தவுடன் கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளை வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பார்; தேநீர் நிறத்துக்கு மாறி, அடியில் துருப்பொடி படிந்திருந்தால் காற்றூட்டலும் மணல் வடிகட்டியும் இல்லாமல் அந்தத் தண்ணீர் வீட்டுக்கு ஆகாது. நிறம் மாறாவிட்டாலும் ஆய்வகச் சோதனை இல்லாமல் குடிக்கச் சொல்லாதே.

கழிவைப் பற்றி யாரும் உன்னிடம் கேட்க மாட்டார்கள். ஆகவே நீயே பேச்சை எடுக்க வேண்டும். கிராமத்தில் பொதுக் கழிவுக் குழாய் இருக்காது; தனிக் கழிவுத் தொட்டிதான். அதை வரைபடத்தில் மிச்சமான மூலையில் ஒதுக்காதே. கிணறு இருந்தால் தொட்டி அதற்குக் கீழ்ச்சரிவில், முப்பது மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அதே மரியாதை. தொட்டியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க லாரி வரும். லாரியின் குழாய் எட்டாத இடத்தில் தொட்டியைப் புதைத்தால் பத்தாண்டு கழித்து அந்தக் குடும்பம் உன்னை நினைத்து வருந்தும்.

நிலத்தைக் காலை வெயிலில் மட்டும் பார்த்துவிட்டு வராதே. அக்டோபர், நவம்பரில் மாலை மழை கொட்டும்போது குடையோடு போய் நில். தண்ணீர் எங்கே சேருகிறது, மேட்டிலிருந்து எதை அரித்துக்கொண்டு வருகிறது என்று பார். காஜாங் ஷிஸ்ட் என்று புவியியலாளர்கள் பெயரிட்ட பாறை உள்ள ஊர் இது. அந்தப் பாறை மட்கி மண்ணான சரிவுகளைச் செங்குத்தாக வெட்டினால் ஏடு ஏடாகச் சரியும். பாதைக்காக மேட்டை வெட்டும் முன் மண் பரிசோதனைக்குச் செலவு செய்யச் சொல். பழைய குடியிருப்பாளர்களிடம் 2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளம் எதுவரை வந்தது என்று கேள். உலு லங்காட்டில் அந்த இரவை யாரும் மறக்கவில்லை. சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். மீட்டர் பெட்டி, பம்பு, கழிவுத் தொட்டியின் மூடி மூன்றும் அந்தக் கைக்கு மேலே இருக்க வேண்டும்.

கடைசியாக உன் கையெழுத்தைப் பற்றி. முன்பு வீடு குடியேறத் தகுந்தது என்று ஊராட்சி மன்றம் சான்று கொடுத்தது. 2007 ஏப்ரல் 12 முதல் சிசிசி, அதாவது கட்டட நிறைவு, இணக்கச் சான்றிதழ் முறை வந்தது. மனுவுக்குப் பொறுப்பேற்கும் நிபுணரே எஃப் படிவத்தில் கையெழுத்திடுகிறார். மண்வேலையில் தொடங்கி ஜி1 முதல் ஜி21 வரை உள்ள படிவங்களில் அந்தந்தக் கட்டத்துக்கு உரியவர்கள் ஒப்பமிட வேண்டும். தண்ணீர், மின்சாரம், கழிவு இணைப்புகளை அந்தந்த நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். சுவரும் கூரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த உறுதிகள் இல்லாமல் உன்னால் சான்று தர முடியாது, தரவும் கூடாது. "சும்மா கையெழுத்துப் போடுங்கள், குழாய் அப்புறம் வரும்" என்று கெஞ்சுவார்கள். அந்த நாளில் மறுத்துச் சொல்வதைவிட, முதல் நாளிலேயே உண்மையைச் சொல்வது உனக்கும் அவர்களுக்கும் நல்லது.

ஆகவே ஒரு வழக்கத்தை இப்போதே வைத்துக்கொள். எந்த வாடிக்கையாளருக்கும் வீட்டு வரைபடத்துக்கு முன் ஒற்றைத் தாளில் ஓர் அறிக்கை கொடு. கிராண்ட், வழி, மின்சாரம், தண்ணீர், கழிவு, மழைநீர் என்று ஆறு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தூரம், யாருடைய அனுமதி, எத்தனை ரிங்கிட், எத்தனை மாதம். நல்ல தமிழில் எழுது. வீட்டிலுள்ள அம்மாவும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கு. இலவசமாகக் கொடுத்த புத்திமதியை யாரும் மதிப்பதில்லை. நிலம் வாங்கும் முன்னரே அந்தத் தாள் அவர்கள் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

சிலர் அதைப் படித்துவிட்டு நிலத்தை வேண்டாம் என்று விடுவார்கள். உனக்கு ஒரு வீட்டு வேலை போய்விட்டது என்று வருந்தாதே. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு காட்டுக்குள் முடங்காமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதுவும் நீ செய்த பொறியியல்தான். மற்றவர்கள் முழு விவரமும் தெரிந்து, முழு மனதோடு கட்டுவார்கள். அவர்களுக்கு நீ வரையும் வீட்டில் விளக்கு எரியும், தண்ணீர் வரும்.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்த அண்ணன்,
காஜாங்