பஞ்சர் சொல்யூஷன் போட்ட பேட்

ஜூஜுவாடியில் பஞ்சர் கடைக்குப் பஞ்சமே கிடையாது. பெங்களூரு போற லாரிகள் எல்லையைத் தாண்டுறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குற இடம் ஆச்சே. ஹைவே ஓரத்தில் இருக்கும் அந்தக் கடைகளில் ஒன்றில்தான், போன வருஷம் ஸோனல் மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் ஒரு டியூப் ரப்பர் சொல்யூஷன் வாங்கினேன். சைக்கிளுக்கு இல்லை, டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு.

புது ரப்பர் ஷீட் கூரியரில் வந்துவிட்டது. கூடவே ஆர்டர் பண்ணின க்ளூ வரவில்லை. கடைக்கார அண்ணன் விஷயத்தைக் கேட்டுட்டு, "தம்பி, இது டியூபுக்குப் போடுறது. மரத்துல போட்டா அப்புறம் பிரிக்க முடியாது"ன்னு சொன்னார். ஒட்டத்தானே போறோம், பிரிக்கிறதைப் பத்தி இப்போ என்னன்னு நினைச்சேன். பேட் என்னோடது கூட இல்லை. பாஸ் அவுட் ஆன சீனியர் அண்ணா ஒருத்தர், "டீம்ல இருக்கிறவரைக்கும் வச்சுக்கோ, அப்புறம் ஜூனியருக்குக் குடுத்துடு"ன்னு கொடுத்துட்டுப் போனது.

ராத்திரி ஹாஸ்டல் ரூமில், கொசுவுக்காக ஜன்னலைச் சாத்திட்டு ஒட்டினேன். பசை பட்டதும் ஷீட் அப்பளம் மாதிரி சுருண்டது. அமுக்கிப் பிடிச்சு ஒட்டி, ஓரத்தை வெட்டி, பந்தைத் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு சத்தம், அப்படி ஒரு வேகம்! நான் ஏதோ கண்டுபிடிச்சிட்டேன்னே நினைச்சேன். ரூம்மேட்டுக்கு மட்டும் தலைவலி. மறுநாள் மதியம் மேட்சில் வேகம் போயிருந்தது. ஷீட் சுருங்கி, பேட்டைச் சுத்தி ரெண்டு மில்லிமீட்டர் மரம் வெளியே தெரிஞ்சது. ஒரு மூலை தூக்கிக்கிச்சு. மூணு கேமில் தோத்துட்டு வந்து, கோபத்தில் ஷீட்டை இழுத்தேன். மரத்தின் மேல் அடுக்கும் ஒரு கட்டைவிரல் அளவுக்கு அதோடவே வந்துடுச்சு.

என்ன நடந்ததுன்னு புரிய எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பேட்டின் அமைப்பு. கைப்பிடியோடு சேர்ந்த மரப்பலகைக்குத்தான் பிளேடு என்று பெயர் (ஷேவிங் பிளேடு இல்லை). மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அதன் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி; மீதியில் கார்பன் ஃபைபர் போன்றவை வரலாம். அதன்மேல் ஒட்டும் ஷீட்டில் இரண்டு பாகம்: பந்தைத் தொடும் மேல்தாள், அதற்குக் கீழே ஸ்பாஞ்ச். பசை படுவது ஸ்பாஞ்சில்.

இப்போ பஞ்சர் சொல்யூஷனுக்கு வருவோம். அது கரைப்பானில் கரைத்த ரப்பர். கரைப்பான் பெரும்பாலும் பெட்ரோலிய வகை: நாஃப்தா, டொலுவீன், ஹெக்ஸேன் இப்படி. ஸ்பாஞ்சும் ரப்பர்தான், ஆனால் வல்கனைஸ் பண்ணினது, மூலக்கூறு சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கும். சர்க்கரையைத் தண்ணியில் போட்டா கரையும். கொண்டைக்கடலையைப் போட்டா கரையாது, ஊறிப் பெருக்கும். ஸ்பாஞ்ச் கொண்டைக்கடலை கட்சி. கரைப்பான் உள்ளே போனதும் ஸ்பாஞ்ச் பெருக்கிறது, மேல்தாள் பெருக்கவில்லை. அதனால்தான் ஷீட் சுருண்டது. பெருத்த ஸ்பாஞ்ச் மேல்தாளை இழுத்துப் பிடிக்கும். மிருதங்கத் தோலை இழுத்துக் கட்டுகிற மாதிரி. அந்த இழுவிசைதான் சத்தமும் வேகமும். கரைப்பான் ஆவியானதும் ஸ்பாஞ்ச் பழைய அளவுக்குத் திரும்புது. பெருத்த அளவில் நான் வெட்டின ஷீட், காலையில் பேட்டுக்குச் சின்னதாயிடுச்சு.

எனக்கு முன்னாடி உலகமே இதைச் செஞ்சிருக்கு. 1970களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைப் பேட்டில் போட்டுப் பார்த்தபோது இந்த வேகத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஹங்கேரியின் திபோர் கிளாம்பார், யூகோஸ்லாவியாவின் டிராகுடின் சுர்பெக் என்ற ரெண்டு பேரையும்தான் இதுக்குச் சொல்வாங்க. 'ஸ்பீட் க்ளூ' என்ற பெயரில் அது முப்பது வருஷம் ஆட்டத்தை ஆண்டது. வேகம் சில மணி நேரம்தான் நிற்கும் என்பதால் ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் ஷீட்டைப் பிரிச்சுத் திரும்ப ஒட்டுவாங்க. ஆவியை மூச்சில் இழுத்துக்கிட்டேதான்.

அந்த ஆவி சாதாரண விஷயம் இல்லை. 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டின தொழிலாளர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. காரணம் பசையில் இருந்த ஹெக்ஸேன். சிப்காட்டில் பசை, பெயின்ட், தின்னர் புழங்குற ஷாப்பில் வேலை செய்யுற அப்பாவோ அண்ணனோ உங்க வீட்டில் இருந்தா, எக்ஸாஸ்ட் ஃபேன் எதுக்குன்னு அவங்ககிட்ட கேளுங்க. நான் ஜன்னலைச் சாத்தினேன்!

2008 செப்டம்பர் 1 முதல், ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைகளை சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு தடை செய்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்தான் ஸ்பீட் க்ளூவின் கடைசிப் பெரிய போட்டி. நம்ம சென்னை சரத் கமல் 2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கினப்போ ஸ்பீட் க்ளூவுக்கு அனுமதி இருந்தது. 2022 பர்மிங்காமில், நாற்பது வயசில், திரும்பவும் அதே தங்கம் வாங்கினப்போ அது இல்லை. நடுவில் பந்தும் செல்லுலாய்டிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிடுச்சு. பசை போனதால் ஆட்டம் போச்சுன்னு புலம்புறவங்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

இப்போ பயன்படுவது தண்ணீர் க்ளூ. பெரும்பாலும் ரப்பர் பால்தான், நம்ம கன்னியாகுமரித் தோட்டங்களில் வடியுற அதே சமாச்சாரம். கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பாங்க, அந்த நெடி அதனால்தான். தண்ணீர் ரப்பருக்குள் புகாது என்பதால் ஸ்பாஞ்ச் ஸ்பீட் க்ளூவில் போல் பெருக்காது.

இன்னொரு கேள்வி: இவ்வளவு லேசான பசை எப்படித் தாங்குது? செல்லோ டேப்பை மேஜையில் ஒட்டி, மேஜைக்கு இணையாக இழுத்துப் பாருங்க, அசையாது. ஒரு முனையைத் தூக்கினா சுலபமா வந்துடும். முதல் வகையில் விசை மொத்தப் பரப்பிலும் பரவுது, ரெண்டாவதில் ஒரே கோட்டில் குவியுது. பந்து ஷீட்டை அமுக்கும், பக்கவாட்டில் தள்ளும், ஆனால் உரிக்காது. ஆக இங்கே தேவை ரொம்ப பலமான பசை இல்லை. தள்ளுவிசையைத் தாங்கணும், உரிச்சா மரத்தை விட்டுட்டு வரணும். பஞ்சர் கடை அண்ணன் ஒரே வரியில் சொன்னது இதைத்தான். காற்று கசியாமல் டியூபைக் காலத்துக்கும் பிடிக்க வேண்டிய பசையை, மாசக்கணக்கில் மாத்தப்போற ஷீட்டுக்குப் போட்டது என் தப்பு.

சரி, ஒட்டுவது எப்படி? பழைய பசையை விரலால் உருட்டி எடுங்க, அழிரப்பர் தூள் மாதிரி வந்துடும். உப்புத்தாள் வேண்டாம். புது பிளேடா இருந்தா மெல்லிசா ஒரு கோட் வார்னிஷ் அடிச்சு நல்லா காயவிட்டா, பின்னாடி நார் பிய்ந்து வராது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு டீஸ்பூனுக்குக் குறைவாவே க்ளூ போதும். பழைய ஸ்பாஞ்ச் துண்டால் ஒரே திசையில் இழுங்க. காய ஆரம்பிச்ச இடத்துக்குத் திரும்பப் போனா திரண்டுக்கும். பிளேடில் ஒரு கோட், ஸ்பாஞ்சில் ஒன்று. ஸ்பாஞ்ச் ரொம்ப உறிஞ்சினா ரெண்டு.

அதுக்கு மேல் வேண்டாம். ஷீட்டின் மொத்தத் தடிமன் பசையோடு சேர்த்து 4.0 மிமீ தாண்டக் கூடாது. ஸ்பாஞ்ச் 2.1, மேல்தாள் 1.7 என்று வைத்தால் 3.8 ஆச்சு. மிச்சம் 0.2 மிமீக்குள்தான் பசை.

அடுத்தது காத்திருக்கிறது. இதில்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. வெள்ளையா இருக்கிற க்ளூ முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகணும். சென்னை யூட்யூபர் 'பத்து நிமிஷம்'னு சொன்னா நம்பாதீங்க. நம்ம ஊர் ஓசூர் மேட்டுநிலம், மழைக்காலச் சாயங்காலத்தில் அரை மணிக்கு மேலயும் ஆகும். ஃபேன் போடலாம். ஹேர் டிரையர் வேண்டாம். மேலே தோல் கட்டிக்கும், உள்ளே தண்ணி மாட்டிக்கும், அப்புறம் கொப்புளம்தான்.

காய்ஞ்ச ரப்பர் படலம் ரெண்டு தொட்டா உடனே ஒட்டிக்கும், நகர்த்த முடியாது. அதனால் கைப்பிடிப் பக்கம் ஓரத்தை நேரா வச்சு, அங்கிருந்து பாய் விரிக்கிற மாதிரி மேல்நோக்கி, ஒரு பூரிக்கட்டையாலோ பாட்டிலாலோ உருட்டிக்கிட்டே போங்க. இழுக்காதீங்க, இழுத்து ஒட்டினா அது சுருங்கத்தான் பார்க்கும். மேல ரெக்கார்ட் நோட்டுக் கட்டை வச்சு கொஞ்ச நேரம் விடுங்க. அப்புறம் ஷீட் கீழே, மரம் மேலே இருக்கும்படி அட்டையில் கவுத்து, புதுக் கட்டரால் ஓரத்தை ஒட்டி ஒரே ஓட்டமா வெட்டுங்க. பிரிக்கும்போது ஒரு மூலையிலிருந்து மெதுவா, மர ரேகையின் போக்கில். என்னை மாதிரி கோபத்தில் இல்லை.

சீனியர் அண்ணாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "மரத்தூளும் பசையும் வச்சு ரொப்பு"ன்னு மட்டும் சொன்னார். ரொப்பியாச்சு. அந்த இடத்தில் பந்து பட்டா சத்தம் கொஞ்சம் மட்டமா வருது. அடுத்த வருஷம் அதை வாங்கிக்கப்போற ஜூனியர் தயவுசெய்து மன்னிக்கவும். க்ளூ பாட்டில் என் ரூமில் இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். மூடியை மட்டும் இறுக்கமா மூடுங்க. போன பாட்டில் ஒரே ரப்பர் உருண்டையா ஆயிடுச்சு.